நாற்பத்தொரு செம்பருத்தி

1

ஆக்னஸ் அக்கா, நீங்கள் இரண்டு கடிதம் போட்டும் நான் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். திமிர் இல்லை, பயம். தைப்பிங்கில் இருந்த காலத்திலேயே, மாதர் சங்கத்தில் யாராவது என்னை எழுந்து வாசிக்கச் சொன்னால் பக்கத்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான். தமிழ்ப் பள்ளியில் ஏழாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. கடிதம் எழுதத் தெரியும். அதுவும் அம்மாவுக்கு மட்டும்தான். சங்கத்து மலரில் நாலு பேர் வாசிக்கும்படி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. பிழைகளை நீங்களே திருத்திப் போட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. "இந்தியாவிலிருந்து திரும்பியதிலிருந்து உன் அம்மாவுக்கு உன் தோட்டப் பேச்சுதான். கொளுத்துகிற வெயிலில் உன் வேலியில் நாற்பத்தொரு செம்பருத்தியை எண்ணினாராம். அந்த ஊரில் அது உன்னால் எப்படி முடிந்தது என்று எங்களுக்கு எழுது."

இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் அம்மா இங்கே தங்கியிருந்த ஆறு வாரத்தில் என் வேலியில் ஒரு செம்பருத்திகூடப் பூக்கவில்லை.

2

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி நான் கப்பலேறியபோது என் தகரப் பெட்டியில் ஐந்து குச்சிகள் இருந்தன. எங்கள் வீட்டு வேலியிலிருந்து அப்பா வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த செம்பருத்திக் குச்சிகள். நீங்கள் மலாயில் புங்கா ராயா என்று சொல்கிற அதே சிவப்பு. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "என்னம்மா இது, விறகா?" என்று கேட்டார். என் கணவர்தான் சொன்னார்: "அவங்க வீட்டு வேலி சார். வீட்ட விட்டுட்டு வேலிய மட்டும் எடுத்துட்டு வந்திருக்காங்க." அதிகாரி சிரித்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

எங்கள் வீடு தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண் பாதையில் இருக்கிறது. நான் வந்த புதிதில் சுற்றிலும் பனைமரமும் செம்மண்ணும்தான். விமானப் படைக்காரர்களின் சின்ன விமானங்கள் காலை முழுக்கத் தலைக்கு மேலே சுற்றும். குச்சிகளை நான் பங்குனி மாதத்தில் நட்டேன். நம் ஊரில் குச்சியை மண்ணில் செருகிவிட்டு மறந்துவிடுவோமே, அப்படியே மறந்தும் விட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் கணவர் ரயில்வே ஆபீஸிலிருந்து வந்தவர் குச்சிகளைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தலையா?" என்றார்.

"நாலு மணிக்கு மழை வருமே" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வரும். ஐப்பசியில வரும்" என்றார்.

சிரிக்காதீர்கள். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மழை என்பது கடிகாரத்தோடு சேர்ந்தது. நாலு மணிக்கு மழை வருமா வராதா என்று கடைத்தெரு ஆண்கள் பந்தயம் கட்டுவார்களே. வராது என்று சொல்கிறவன் எப்போதும் தோற்பான். அந்த மழையைத் தவிர வேறு எதையும் நம்பி நான் வளரவில்லை. ஐந்து குச்சியில் நாலு செத்துவிட்டன.

ஐந்தாவதைக் காப்பாற்றியது தனக்கோடி. மாடம்பாக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிற பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றைக்குப் பால் ஊற்றிவிட்டுக் குச்சியைக் கிள்ளிப் பார்த்தார். "இது ஒண்ணு உசிரோட கீது மலேயாம்மா. கெணத்தாண்ட எடுத்து வையி" என்றார். மறுநாள் அடியில் ஓட்டை விழுந்த பழைய மண்பானை ஒன்றைக் கொண்டுவந்து, குச்சிக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்தார். ஓட்டையில் ஒரு கந்தல் துணியைத் திரித்துச் செருகினார். "சாயங்காலம் பானைய ரொப்பி மேல ஒரு ஓட்டுத்துண்ட வெச்சி மூடி வுட்ரு. அது கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிகினு கெடக்கும். மேல ஊத்தினா சூரியன்தான் குடிப்பான்."

நான் எத்தனையோ பேரைப் பார்த்து மலைத்திருக்கிறேன். அன்று அந்தப் பானையைப் பார்த்து மலைத்ததுபோல் வேறு எதற்கும் மலைத்ததில்லை. வானத்தை நம்பாமல் பூ வளர்க்க இந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு வேலியில் பதினோரு செம்பருத்தி நிற்கிறது. கிணற்றோரத்தில் இருப்பது அப்பா கொடுத்தது. மற்ற பத்தும் அதன் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பானை. தவிர நித்தியகல்யாணி, கனகாம்பரம், துவைக்கும் கல் பக்கத்தில் இரண்டு குண்டுமல்லி.

3

தனக்கோடி பெயர் வைத்த நாளிலிருந்து நான் ஊருக்கெல்லாம் மலேயாம்மாதான். பேச்சில் இன்னும் சறுக்குகிறது. கடையில் சீனி கேட்டால் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை கட்டிக் கொடுப்பார்கள். வந்த புதிதில் ஒரு நாள் காலையில் தனக்கோடியிடம் நம் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தினி வருசத்துல இந்த வார்த்த யாரும் கேட்டதில்ல" என்றார். அதற்குப் பிறகு அவரே தினமும் வாசலில் நின்று, "மலேயாம்மா, பசியாறியாச்சா?" என்று எனக்கு முன்னால் கேட்டுவிடுவார்.

பிள்ளைகள் வேறு மாதிரி. மூத்தவள் சாந்திக்குப் பன்னிரண்டு வயது, டேனியலுக்கு ஒன்பது. அவர்களுக்குத் தைப்பிங் என்பது ஒரு தபால்தலை. ஏரியையும், மலையையும், நாலு மணி மழையையும் சொன்னால் டேனியல், "தெனமும் மழையா? உடான்ஸ் உடாதம்மா" என்பான். சாந்தி அவனை அதட்டுவாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டுவாள். என் பிள்ளைகளே என் ஊரை நம்பாதபோது சண்டை போட வருவதில்லை எனக்கு. எழுந்து போய்ச் செடியில் ஏதாவது கிள்ளிக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் நான் நிறையப் பேசுவேன். இப்போது சொல்லப்போவதுதான் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். தோட்டத்தைப் பற்றி நான் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் ஜனவரியில் எழுதியவை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்து, தை மாதப் பனியில் வேலி முழுக்கச் சிவந்திருக்கும். இன்றைக்கு இருபது பூ, இன்றைக்கு முப்பது பூ என்று எழுதுவேன். மே மாதக் கடிதங்களில் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி எழுதுவேன். பொய் எழுதவில்லை. மே மாதத்தை எழுதவில்லை, அவ்வளவுதான்.

என்னை இந்தியாவுக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பஞ்சத்துக்குப் பயந்து தாத்தா விட்டுவிட்டு வந்த தேசத்துக்கே பெண்ணைத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டார். அவர் மனதைத் தேற்றத்தான் அத்தனை பூவும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மா மே மாதம் கப்பலில் வருகிறார். "நீ நல்லபடியாக இருக்கிறாயா என்று அம்மா நேரில் பார்க்கட்டும். கஷ்டமாக இருந்தால் மறைக்காதே. மாப்பிள்ளைக்கு இங்கே என் கம்பெனியிலேயே வேலை பார்க்கலாம். பிள்ளைகளோடு எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள். அம்மா வந்து சொல்வதை வைத்து முடிவு செய்வோம்."

அண்ணன் அன்பாகத்தான் எழுதியிருந்தான். என் கணவர் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "நீ போகணும்னா போகலாம் எஸ்தர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது, நான் போக விரும்பவில்லை என்று. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிணற்றடியைத்தான் காட்டியிருப்பேன்.

ஆகவே அம்மா வரும்போது வேலி பூத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

4

ஏப்ரல் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. பானைகளை இரண்டு வேளை நிரப்பினேன். வேரில் பனையோலையும் தென்னை மட்டையும் போட்டு மூடினேன். வெயில் ஏற ஏறக் குண்டுமல்லி வெறிபிடித்ததுபோல் பூத்தது. செம்பருத்தியும் சின்னதாக மொட்டு விட்டது.

பிறகு மாவுப்பூச்சி வந்தது. முதலில் கிணற்றோரச் செடியின் கொழுந்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இரண்டு புள்ளி. நாலாம் நாள் பதினோரு செடியிலும் பஞ்சு அப்பியிருந்தது. கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சாகிவிட்டது. சிவப்பெறும்புகள் அந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிற அழகைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை. வரிசையாக ஏறும், பூச்சியின் முதுகைத் தட்டும், சுரக்கிற இனிப்பைக் குடிக்கும், இறங்கும். தனக்கோடி மாட்டைப் பராமரிக்கிற மாதிரிதான். நான் நுனிகளைக் கிள்ளிக் கிள்ளி எரித்தேன். தனக்கோடி சாம்பல் தூவினார். "பத்து நாளு பொறு. பொறிவண்டு வரும், வந்து தின்னு தீத்துரும்" என்றார்.

பத்து நாள் பொறுக்க எனக்கு நேரமில்லை. அம்மாவின் கப்பல் வர ஒன்பது நாள்தான் இருந்தது.

அப்பாவின் மருந்து எனக்கு நினைவு வந்தது. பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, மண்ணெண்ணெய் சேர்த்து நுரைக்க அடித்து, கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பில் ஊற்றி அடிப்பார். மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் அவர்; மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் ஓய்வு. அதனால் எப்போதும் உச்சி வெயிலில் அடிப்பார். ஒரு செடிகூட வாடி நான் பார்த்ததில்லை. ரேஷனில் வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெயில் பாதியை எடுத்தேன். அவசரத்தில் கொஞ்சம் கெட்டியாகவே கலக்கினேன். அப்பா அடித்த அதே நேரத்தில், பன்னிரண்டரை மணிக்கு, பதினோரு செடிக்கும் இலைக்கு மேலும் கீழும் நனைய நனைய அடித்தேன்.

மாலையில் இலைகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. மூன்றாம் நாள் ஒரு இலை மிச்சமில்லை.

காலையில் தனக்கோடி பால் சொம்போடு வேலியருகே நின்றுவிட்டார். "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிறே? பத்து நாளு பொறுக்க சொன்னா செடிய வறுத்து வெச்சிக்கிறியே!"

"எங்க அப்பா இப்படித்தான் அடிப்பாரு. ஒண்ணும் ஆகாது."

"அடிச்சிட்டு உங்க நைனா கழுவ மாட்டாரா?"

கழுவ மாட்டார். அவர் ஏன் கழுவ வேண்டும்? நாலு மணிக்கு மழை வந்து கழுவிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் புரிந்தது. பதின்மூன்று வருஷம் இந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்தும், அந்த மதியம் நான் தைப்பிங்கில்தான் இருந்திருக்கிறேன். சேலையூரில் மருந்தை அடித்துவிட்டுத் தைப்பிங் மழைக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். தனக்கோடி பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. "வேரு கீது. வேரு இருந்தா செடி கீதுன்னு அர்த்தம். நீ அழுது ஊத்தற தண்ணிய பானைல ஊத்து" என்றார்.

5

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில், மடியில் கறுப்புக் குடையோடு. வெயிலுக்கு அதை விரித்துப் பிடிக்கவில்லை. தைப்பிங்கில் குடை மழைக்குத்தானே.

வாசலில் இறங்கி வேலியைப் பார்த்தார். பதினோரு மொட்டைக் குச்சி. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பெட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். "ரொம்ப வெயில்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார், என் கணவரிடம் ரயில் வேலையைப் பற்றி விசாரித்தார். நாலு மணியானால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். டேனியல் அக்காவை இடித்துக் காட்டினான். சாந்தி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "உடான்ஸ் இல்லடா" என்று மெதுவாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனோம். வருஷா வருஷம் நான் போகிற இடம்தான். இன்னும் என் பாஸ்போர்ட் மலேசியப் பாஸ்போர்ட். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும், இங்கே தங்க நோக்கம் என்ன என்று பாரத்தில் கேட்பார்கள். "குடும்பம்" என்று எழுதிக் கொடுப்பேன். அன்று அங்கிருந்த கிளார்க், கண்ணாடி போட்ட நல்ல மனிதர், அம்மாவிடம் அதையே கேட்டார்.

"இந்தியா வந்த நோக்கம் என்னம்மா?"

"மக வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க" என்றார் அம்மா.

அவர் பேனாவை நிறுத்தினார். "மகளைப் பார்க்கன்னு போட்டுடறேன்."

"தோட்டத்தையும் போடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "பெரிய தோட்டமாம்மா?" என்று கேட்டார். எனக்குக் காது வரை சுட்டது. மின்சார ரயிலில் திரும்பி வரும்போது முழுக்க ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன். அம்மா என்னைக் குத்திக் காட்டுகிறாரா, இல்லை உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

ஐந்தாம் நாள் விடிகிற நேரம். நான் கிணற்றடியில் இருந்தேன். மே மாதத்தில் எங்கள் கிணற்றில் ஊற்று மெதுவாகத்தான் வரும். விடிவதற்குள் இறைத்தால்தான் பானைகளுக்கும் வீட்டுக்கும் போதும். பத்தாவது வாளியோ என்னவோ, திரும்பிப் பார்த்தால் அம்மா துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"தெனம் இப்படியா?"

"ஆமாம்மா. கோடையில ரெண்டு வேளை."

"எத்தனை வருஷமா?"

நான் அடுத்த வாளியை இறக்கினேன். அம்மா எழுந்து வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசி உரசி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. மறைக்கப் பார்த்தேன், விடவில்லை.

"மருந்தடிச்சு நானே கருக்கிட்டேன்மா" என்றேன். "அப்பா மாதிரி மத்தியானத்துல அடிச்சேன். மழை வந்து கழுவிடும்னு... மறந்து போச்சு. கடிதாசியில எழுதின பூவெல்லாம் நெஜம். ஆனா ஜனவரியில மட்டும்தான். மே மாசம் எப்பவுமே அவ்வளவா பூக்காது. நான் அதை எழுதலை."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் நான் அம்மாவிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அம்மா ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பானையின் ஓட்டு மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். கிணற்றோரச் செடியிடம் வந்ததும் நின்றார். அது எது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உங்க அப்பா ஆயுசுல ஒரு செடிக்கு ஒரு குவளை தண்ணி ஊத்தினது கிடையாது" என்றார். "எல்லாம் வானம் ஊத்திச்சு. டிரெஸ்ஸர் வீட்டு வேலி, டிரெஸ்ஸர் வீட்டு வேலின்னு ஊரெல்லாம் நாங்கதான் பேர் வாங்கினோம்."

பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "வாளியைக் கொடு."

6

அதற்குப் பிறகு அம்மா விருந்தாளியாக இருக்கவில்லை. நான் இறைப்பேன், அவர் பானைக்கு ஊற்றுவார். எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு புற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தது அவர்தான். குளியல் தண்ணீர் வீணாகிறதே என்று டேனியலை விட்டு மல்லிகைக்கு ஒரு வாய்க்கால் வெட்ட வைத்ததும் அவர்தான். தனக்கோடி பால் ஊற்றியதும் போகாமல் நின்று பேசுவார்.

"பெரிய மலேயாம்மா, உங்க ஊர்ல தெனம் மழையாமே?"

"ஆமா. நாலு மணிக்கு."

"அப்போ துணி எப்டி காயும்?"

அம்மா கொடியில் கிடந்த துணியைப் பார்த்தார். "காயாது" என்றார்.

"அய்ய! அப்போ உங்க ஊரும் பேஜார்தான்."

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அப்பா இருந்தபோதுகூட. நாற்பது வருஷமாக ஈரத்துணியை வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டவர் அல்லவா? சேலையூரில் கொடியில் போட்ட சேலை முக்கால் மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுவதை, வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனக்கோடி சொன்ன பொறிவண்டுகளும் வந்தன. குண்டூசித் தலை அளவு, செம்மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளி. நான் மருந்தடிக்காத கனகாம்பரத்தில் அப்பியிருந்த மாவுப்பூச்சியை ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மணிக்கணக்காக அவற்றைப் பார்ப்பார். "கூலி கேக்காத வேலைக்காரங்க" என்பார்.

மே கடைசியில் ஒரு நாள் மதியம் மேற்கே குன்றத்தூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று எழும்பிச் செம்மண்ணை வாரி இறைத்தது. இடி கேட்டது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாலடிக்கப் பத்து நிமிஷம். ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியை எடுத்தார், ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து நின்றார். பிள்ளைகளும் நானும் பின்னால் ஓடினோம். நாலு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய பெரிய துளியாக மண்ணில் விழுந்தது. டேனியல் எண்ண ஆரம்பித்தான். பதினேழு வரை எண்ணினான். அதோடு நின்றுவிட்டது. மேகம் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பெய்தது, சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"ஆயா, உங்க ஊர்லயும் இப்டித்தான் பெய்யுமா?" என்று டேனியல் கேட்டான்.

"இல்லடா. அங்க யாரும் வெளியே வந்து பார்க்க மாட்டாங்க" என்றார் அம்மா.

அன்று மாலை அவன் தானாகவே தைப்பிங்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏரி எவ்வளவு ஆழம், மலைமேல் குளிருமா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்குக் குடை எடுத்துக்கொண்டு போவேனா என்றெல்லாம். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் மொட்டைக் கிளைகளில் சிவப்பும் பச்சையுமாக முளை கட்டியது. முதலில் பார்த்தவர் அம்மா. என்னைக் கூப்பிடக்கூட இல்லை. பால் சொம்போடு வந்த தனக்கோடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "நான் சொல்லல? வேரு கீதுன்னு" என்றார் தனக்கோடி. அதற்குப் பிறகு ஒரே வேகம். இலை விரிந்தது, வேலி மறுபடி மூடியது. ஜூன் கடைசியில் இலைக்கு நடுவே மொட்டுகள் தலை நீட்டின. ஆனால் அம்மாவின் கப்பல் மொட்டுக்காகக் காத்திருக்குமா?

புறப்படுகிற அன்று காலையில் அம்மா குளித்து, வெளுத்த சேலை கட்டி, வேலியோரம் போய் நின்றார். ஒவ்வொரு கிளையாக விலக்கி, விரலால் தொட்டுத் தொட்டு மொட்டுகளை எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வண்டிக்கு நேரமாகிறது என்று என் கணவர் வாசலில் நின்றார், ஆனால் கூப்பிடவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றார் அம்மா.

நான் அப்போதுதான் கேட்டேன். ஆறு வாரமாக நெஞ்சில் வைத்திருந்தது. "அண்ணன்கிட்ட என்னம்மா சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது? இவளைக் கூட்டிட்டுப் போயிட்டா இந்தக் கெணத்தை யார் எறைப்பான்னு கேப்பேன்."

தனக்கோடி ஒரு பந்து குண்டுமல்லியைக் கட்டி வாழைச்சருகில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "பெரிய மலேயாம்மா, வழியெல்லாம் வாசன புடிச்சிகினு போ" என்றார். அம்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பசியாறிட்டியா?" என்று கேட்டார். தனக்கோடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடையை அம்மா ஆணியிலேயே விட்டுவிட்டார். மறந்துவிட்டாரோ என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். "இருக்கட்டும், ஐப்பசியில வேணும்" என்றார்.

அக்கா, நடந்தது இதுதான். அம்மா என் வேலியில் எண்ணியது நாற்பத்தொரு மொட்டு. உங்களிடம் பூ என்று சொல்லியிருக்கிறார். அதை யாரும் பொய்யென்று நினைக்க வேண்டாம். நான் பதின்மூன்று வருஷம் ஜனவரியை மட்டும் எழுதினேன். அம்மா ஒரு நாள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அண்ணனும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சங்கத்தில் இதைப் படிக்கும்போது அம்மா அங்கே இருந்தால், இந்தக் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். அவருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கப்பல் புறப்பட்டது திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கிணற்றோரச் செடியில் ஒரு பூ பூத்திருந்தது. அதன் மேல் இரண்டு எறும்பு இருந்தன. எறும்பை ஊதிவிட்டுப் பானைகளை நிரப்பினேன்.